இருட்டு அளவு

எந்த மின்கலத்தையும் முதலில் இருட்டில் அளக்க வேண்டும். கறுப்புத் துணியால் மூடிவிட்டு, மீட்டரின் முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். விளக்கு அதற்குப் பிறகுதான். முள் இருட்டிலேயே நகர்ந்தால் வெளிச்சத்தில் வரும் மின்சாரத்தை நம்ப முடியாது. இதை நான் முதல் வருடத்திலேயே படித்தேன். விஜயதசமிக்கு முன்பு ஒரு முறைகூட அதை விட்டதில்லை.

எண்பத்தெட்டாம் வருடம் அது. பகலில் நான் கிள்ளானில் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் உதவியாளர். மாலையில் பஸ் ஏறி பிரிக்பீல்ட்ஸ் வந்து, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த சிறிய தொழில்நுட்பக் கழகத்தில் மின்னணு டிப்ளோமா படித்தேன். கடைசி வருடத் திட்டப்பணியை இருவர் சேர்ந்து செய்ய வேண்டும். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பையன்கள் தங்களுக்குள் ஜோடி சேர்ந்துகொண்ட பிறகு மிஞ்சியவர் தம்புசாமி அண்ணன். எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். கிள்ளானில் குளிர்சாதனம் பழுதுபார்க்கும் ஓர் ஏர்கோன் கடையில் மெக்கானிக், வீடு காப்பாரில்.

“என்னையும் யாரும் எடுக்கல, உன்னையும் யாரும் எடுக்கல,” என்றார் முதல் நாளே. “செகண்ட் ஹேண்ட் சாமான் ரெண்டும் ஒண்ணா சேந்துருச்சு. ஓடுதான்னு பாப்போம் லா.”

எங்களுக்குத் தலைப்பு கொடுத்தவர் விரிவுரையாளர் குமரப்பன் சார். செட்டியார் வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தில் படித்துவிட்டு, குடும்ப வட்டிக்கடைக்குப் போகாமல் எங்களுக்குப் பாடம் எடுக்க வந்தவர். வயது முப்பத்திரண்டோ என்னவோ. ஒரு கட்டுரையின் நகலை எப்போதும் பையில் வைத்திருப்பார். மடித்து மடித்து அதன் மடிப்புகள் கிழிந்துபோயிருந்தன.

கணக்குப்பொறிகளில் இருக்கும் சூரிய மின்கலம் சிலிக்கனால் ஆனது. அந்தக் கட்டுரை சிலிக்கனை விட்டுவிட்டுச் சாயப் பொருள்களில் மின்கலம் செய்வது பற்றியது. கரிமச் சேர்மங்கள். பல வருடங்களாகப் பலரும் ஒரே சாயத்தை ஒரே படலமாகப் பூசிப் பார்த்து அலுத்துப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் ஓர் ஆய்வாளர் இரண்டு சாயங்களை ஒன்றின்மேல் ஒன்றாக, தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு கனத்துக்குப் படியவைத்தார். ஒன்று எலெக்ட்ரானைக் கொடுக்கும் சாயம், இன்னொன்று வாங்கிக்கொள்ளும் சாயம். இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் மின்சாரம் பிரிந்து வந்தது. விழுந்த வெளிச்சத்தில் ஏறக்குறைய ஒரு சதவிகிதம். சிலிக்கன் அதைப்போலப் பல மடங்கு தரும். ஆனாலும் சாயத்தில் ஒரு சதவிகிதம் என்பதைச் சொல்லும்போது குமரப்பன் சாரின் குரல் மாறும்.

கொடுக்கும் சாயம் ஒரு நீலம். வாங்கும் சாயம் ஒரு சிவப்பு. கட்டுரையில் அவற்றின் பெயர்களை மூன்று தடவை படித்துப் பார்த்தேன். இரண்டுமே எங்கள் தொழிற்சாலை அலமாரியில் டின்னில் இருந்தன. நீலம் சுவர்ப் பெயிண்டுக்குப் போவது, சிவப்பு கார்களுக்குப் போவது. மேற்பார்வையாளரிடம் கேட்டு ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வாங்கிவந்தேன்.

கழகத்தில் ஒரு வெற்றிடப் பெட்டி கிடந்தது. மூக்குக் கண்ணாடிகளுக்குப் பூச்சு போடும் ஒரு நிறுவனம் கழித்துக் கொடுத்தது. அதன் பம்ப்பைத் தம்புசாமி அண்ணன் பிரித்து, கழுவி, மறுபடி ஓடவைத்தார். நான் நிறமியைக் கண்ணாடிக் குழாயில் சூடாக்கி ஆவியாக்கி, குளிர்ந்த பக்கத்தில் படியவைத்துச் சுத்தம் செய்தேன். மின்சாரம் கடத்தும் கண்ணாடித் துண்டின்மேல் முதலில் நீலம், அதன்மேல் சிவப்பு, கடைசியாக மெல்லிய அலுமினியக் கோடு. ஒவ்வொரு தடவை நிறமியைச் சுத்தம் செய்தபோதும் செயல்திறன் கொஞ்சம் ஏறியது. புள்ளி மூன்று சதவிகிதத்தில் வந்து நின்றுவிட்டது. அதற்குமேல் என்ன செய்தும் ஏறவில்லை.

ஷா ஆலாமில் கணக்குப்பொறிகளுக்கு மின்கலம் செய்யும் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலைக்குச் சோதனைப் பிரிவில் ஒரு டெக்னீஷியன் தேவை என்று குமரப்பன் சார் கேள்விப்பட்டிருந்தார். அதன் பொறியாளர் தீபாவளிக்கு முன்பு ஒரு சனிக்கிழமை எங்கள் கழகத்துக்கு வந்து ஒரே ஒரு திட்டப்பணியைப் பார்ப்பார். பிடித்தால் அதைச் செய்தவரை எடுப்பார். முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும். தம்புசாமி அண்ணனுக்கு ஜனவரியில் முப்பது.

எந்தத் திட்டப்பணியைக் காட்டுவது என்று சார் இன்னும் முடிவு செய்யவில்லை. எங்கள் வகுப்பு நாகையாவின் ஜோடி திருடனைக் கண்டால் அலறும் பெட்டி ஒன்று செய்திருந்தது. அது நன்றாக அலறியது.

“நம்மளது சத்தமே போடாது,” என்றார் அண்ணன். “புள்ளி மூணு. சொல்றதுக்கே வெக்கமா இருக்கு.”

*

ஆயுத பூஜையைக் கழகத்தில் நடத்துபவர் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நல்லம்மாள் அக்கா. மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, மீட்டர்கள், சால்டரிங் கம்பிகள், ஸ்பானர்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார். எங்கள் மின்கலத்தையும் ஒரு தட்டில் வைத்தார். பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தையும் குங்குமத்தையும் எடுத்து ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனவர் தம்புசாமி அண்ணன். மின்கலத்தின் முன்னால் கொஞ்சம் நின்றார். பிறகு ஓரத்தில், மிகவும் கவனமாக, ஒரு சிறு பொட்டு வைத்தார்.

வேண்டாம் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொல்லவில்லை.

அன்று கருவிகளைத் தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமி, அன்று எல்லாவற்றையும் ஒரு தடவையாவது பயன்படுத்த வேண்டும். மாலை வகுப்புக்கு வந்ததும் சார், அக்கா, நாகையா எல்லோரும் எங்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். நான் கறுப்புத் துணியை எடுத்தேன்.

“ஏய் கலா, என்ன பண்றே?” என்றார் அண்ணன்.

“இருட்டு அளவு எடுக்கணும்ண்ணே.”

“விஜயதசமி லா இன்னைக்கு. முதல் வேலையவே இருட்டுலயா தொடங்குவே?”

“அதானே!” என்றார் நல்லம்மாள் அக்கா. “வெளக்கேத்துற நாள்ல துணியப் போட்டு மூடுறேங்குது இந்தப் பொண்ணு. மடிச்சு வை அத.”

நான் சாரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். “பூஜைக்கு முன்னால எடுத்தீங்கல்ல? பூஜ்யம்தானே இருந்துச்சு? ஒரு நாள்ல இருட்டு மாறிடாது, கலா. லைட்டைப் போடுங்க.”

போட்டேன். ஸ்லைடு புரொஜெக்டரின் விளக்கு மின்கலத்தின்மேல் விழுந்தது. முள் வழக்கமான இடத்தைத் தாண்டிப் போனது. நான் மீட்டரின் அளவை மாற்றினேன். அதிலும் பாதிக்கு மேல் நின்றது. கணக்குப் போட்டேன். தப்பாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். சார் என் கையிலிருந்து பென்சிலை வாங்கி அவரே போட்டார்.

ஒன்று புள்ளி நான்கு.

“அமெரிக்காக்காரனத் தாண்டிட்டோமா?” என்றார் அண்ணன் மெதுவாக. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “சரஸ்வதி கை குடுத்துட்டா,” என்றார்.

“சார், இப்ப விளக்க அணைச்சுட்டு ஒரு தடவ இருட்டுல...”

“தொடாதே!” சார் ஏறக்குறைய கத்தினார். “காத்துல இருக்க இருக்க இது கெட்டுப்போகும். இன்னும் ஒரு நிமிஷம் வெளிய இருக்கக்கூடாது.” மின்கலத்தை அவரே எடுத்து, ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் போட்ட கண்ணாடி ஜாடிக்குள் வைத்து, மூடியில் கிரீஸ் தடவி இறுக்கி, அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி நல்லம்மாள் அக்காவிடம் போனது.

சனிக்கிழமை காட்டப்போவது எங்களுடையதுதான் என்பது அப்போதே முடிவாகிவிட்டது. யார் பெயரைக் கொடுப்பது என்று சார் கேட்டார். அண்ணன் பெயரைக் கொடுங்கள் என்று நான்தான் சொன்னேன். எனக்கு ஒரு சோதனைக்கூட வேலை இருக்கிறது, வயதும் இருக்கிறது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கீழே கடையில் எனக்கு ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்து, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.

மறு வாரம் சார் வகுப்புக்கு வந்தபோது ஆளே மாறியிருந்தார். “வீட்டுல அப்பாகிட்டச் சொன்னேன், ஒன்னு புள்ளி நாலு சதவிகிதம்னு. மாசத்துக்கா வருஷத்துக்கான்னு கேட்டாரு,” என்று சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லிச் சிரித்து நாங்கள் பார்த்ததே இல்லை.

முள் இருட்டில் எங்கே நின்றிருக்கும் என்று எனக்குத் தெரியாது. பூஜ்யத்திலேயே நின்றிருக்கலாம். நான் எதற்கெடுத்தாலும் சந்தேகப்படுகிறவள். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிவந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். அதே வியாதிதான் இதுவும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

*

தொழிற்சாலையில் எனக்கு உப்புப் பெட்டி வேலை இருந்தது. பெயிண்ட் அடித்த இரும்புத் தகடுகளை மூடிய பெட்டிக்குள் தொங்கவிட்டு, உப்புநீர்ப் புகை அடித்து, எது முதலில் துருப்பிடிக்கிறது என்று பார்ப்பது. அந்த வாரம் ஒரு தகட்டை யாரோ அலுமினியத் திருகு போட்டு மாட்டியிருந்தார்கள். வெளியே எடுத்தபோது திருகைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருந்தது. இரண்டு உலோகங்கள், நடுவில் உப்பு ஈரம். அது ஒரு பேட்டரி. அலுமினியம் தன்னையே தின்று மின்சாரம் கொடுக்கும். வெளிச்சம் தேவையில்லை.

தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். எங்கள் மின்கலத்தில் ஒரு பக்கம் அலுமினியக் கோடு, இன்னொரு பக்கம் மின்சாரம் கடத்தும் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், ஓரத்தில், அண்ணன் வைத்த பொட்டு. பன்னீரில் குழைத்த சந்தனம். குங்குமத்தில் சுண்ணாம்பு உண்டு.

மேற்பார்வையாளர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லையாம். பிறகு சொன்னார்கள்.

வியாழக்கிழமை மாலை, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே போய் நல்லம்மாள் அக்காவிடம் சாவி கேட்டேன். ஜாடியின் கிரீஸைச் சரிபார்க்க வேண்டும் என்றேன். அவர் தீபாவளிக்கு யார் யாருக்கு முறுக்கு மாவு சொல்லியிருக்கிறார் என்பதைச் சொல்லிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். ஜாடியைத் திறந்தபோது பின்னால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மேசைமேல் வைக்கும் சத்தம்.

“என்ன பண்றே?” தம்புசாமி அண்ணன்.

எனக்குப் பொய் வரவில்லை. சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கம்பிகளை அவரே இணைத்தார். கறுப்புத் துணியால் நான் மூடினேன்.

முள் பூஜ்யத்திலிருந்து மயிரிழை தள்ளி நின்றது. அவ்வளவுதான்.

“பாத்தியா?” என்றார். மூச்சை விட்டார். “ஒண்ணுமில்ல. நீயும் பயந்து, என்னையும் பயமுறுத்தி...”

“காஞ்சு போயிருக்கு அண்ணே. ஜாடிக்குள்ள மணி எல்லா ஈரத்தையும் இழுத்திருக்கும்.”

துணியின் ஓரத்தைத் தூக்கி, அந்தப் பொட்டின்மேல் வாயால் ஆவி விட்டேன். கண்ணாடியைத் துடைப்பதற்கு முன்பு ஊதுவதுபோல. துணியை மறுபடி போட்டேன்.

முள் ஏறியது. இருட்டுக்குள், எங்கள் இருவர் கண்ணெதிரே, தயங்கித் தயங்கி ஏறியது. ஆவி காயக் காய இறங்கியது. அண்ணன் குனிந்து அவரும் ஒரு தடவை ஊதினார். மறுபடி ஏறியது.

“ஊதுனா கரண்டு வருது,” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார்.

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து அந்த இடத்தை நான் துடைத்தேன். சந்தனத்தின் மஞ்சள் பஞ்சில் வந்தது. இருட்டில் முள் பூஜ்யம். விளக்கைப் போட்டோம். புள்ளி இரண்டு. பூஜைக்கு முன்பு இருந்ததையும்விடக் குறைவு. அலுமினியத்தின் ஓரம் அரித்துப்போயிருந்தது.

கீழே கடையில் யாரோ பாத்திரங்களை அடுக்கும் சத்தம் மேலே கேட்டது.

“இன்னைக்கே சார்கிட்டச் சொல்லிடலாம்ண்ணே.”

“சொல்லி? அலாரப் பெட்டியக் காட்டுவாரு. சரி, காட்டட்டும். எனக்கு ஜனவரியில முப்பது. அப்புறம் எவன் கூப்புடுவான்?” அவர் பஞ்சை எடுத்து, மஞ்சள் ஒட்டிய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சனிக்கிழம அந்த ஆளு பத்து நிமிஷம் பாப்பாரு. பாத்துட்டுப் போயிடுவாரு. அங்க போனா நான் சிலிக்கன்தானே அளக்கப்போறேன். இந்த நீலம் செவப்புன்னு எவன் கேக்கப்போறான்?”

“அண்ணே...”

“சும்மா சொல்றேன் லா. மறுபடி ஒரு பொட்டு வெச்சா போதும்ல?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டா நிஜமா என்று தெரியவில்லை. அவருக்கே தெரிந்ததா என்பதும் தெரியவில்லை. ஜாடியை மூடி, சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சார் வந்ததும் அவர் மேசைக்குப் போனேன். அவர் புதுச் சட்டை ஒன்றை உறையிலிருந்து எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருந்தார். “சார், நம்ம செல்லுக்கு இருட்டு அளவு மறுபடி எடுக்கணும்,” என்றேன்.

“நாளைக்கு அவர் முன்னாலயே எடுத்துட்டாப் போச்சு. நல்லதுதான்.” பிறகு என்னைப் பார்த்தார். “வேற எதாச்சுமா?”

கதவருகே தம்புசாமி அண்ணன் நின்றிருந்தார். ஹெல்மெட்டின் வாரைப் பிடித்துக்கொண்டு, என் முதுகைப் பார்த்துக்கொண்டு. எனக்கு அது தெரிந்தது.

“இல்ல சார்,” என்றேன்.

அன்று பஸ்ஸில் கிள்ளான் வரும்வரை அந்த இரண்டு சொற்களையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தேன். சொல்லாமல் விட்டது அண்ணனுக்காகவா, எனக்குப் பயமாக இருந்ததாலா? இரண்டையும் தனித்தனியாக அளக்க முடியவில்லை.

*

சனிக்கிழமை காலை மழை. பிரிக்பீல்ட்ஸ் முழுக்கத் தீபாவளிக் கடைகள் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தன. நான் போவதற்குள் மேசை தயாராக இருந்தது. மின்கலம் ஜாடியிலிருந்து வெளியே வந்திருந்தது. அண்ணன் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பிகளை நேராக்குவதுபோல் குனிந்துகொண்டார்.

பொறியாளர் ஒகாடா குடையை மடித்தபடி மேலே வந்தார். ஐம்பது வயது இருக்கும், சிறிய உருவம். ஆங்கிலம் கொஞ்சம்தான் பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் தெளிவாகப் பேசினார். சார் கட்டுரையைப் பற்றி, இரண்டு சாயங்களைப் பற்றி, அவை சந்திக்கும் எல்லையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார். ஒன்று புள்ளி நான்கு என்றபோது ஒகாடாவின் புருவம் உயர்ந்தது.

நான் கறுப்புத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு மேசைக்கு அருகில் போனேன். அப்போதுதான் பார்த்தேன்.

அலுமினியக் கோட்டின் ஓரத்தில், நான் துடைத்த அதே இடத்தில், ஈரமாக ஒரு மஞ்சள் தீற்றல்.

சொன்னால் அண்ணனை இத்தனை பேர் நடுவில் நானே காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் பொய் சொல்வது நான்தான், அவரல்ல. துணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“லைட்டைப் போடுங்க, தம்பு,” என்றார் சார், இருட்டு அளவை மறந்து.

அண்ணனின் விரல் ஸ்விட்சின்மேல் இருந்தது. அவர் அதை அழுத்தவில்லை. என் கையிலிருந்த துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

விரலை எடுத்தார். என் கையிலிருந்து துணியை வாங்கினார்.

“முதல்ல இருட்டு, சார்,” என்று ஒகாடாவிடம் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மின்கலத்தை மூடினார்.

முள் ஏறியது. பாதிக்கு மேல் போய் நின்றது.

சாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒகாடா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மீட்டருக்கு மிக அருகில் குனிந்தார். “ஏன்?” என்றார்.

அண்ணன் துணியை எடுத்தார். கட்டைவிரலால் அந்த மஞ்சளை வழித்தார். பஞ்சால் ஒரு தடவை, ஸ்பிரிட்டால் ஒரு தடவை. மறுபடி மூடினார். முள் பூஜ்யத்தில் விழுந்தது. கட்டைவிரலை ஒகாடாவிடம் நீட்டினார். அவர் முகர்ந்து பார்த்தார்.

“சந்தனம்,” என்றார் அண்ணன். “நாங்க பூஜையில வெப்போம். ஈரமா இருந்தா பேட்டரி. இப்ப லைட்டு போடுறேன் சார். இதுதான் உண்மை.”

புள்ளி இரண்டுக்கும் கீழே.

ஒகாடா முள்ளைப் பார்த்தார், அண்ணனின் விரலைப் பார்த்தார். திடீரென்று சிரித்துவிட்டார். ஏளனமான சிரிப்பு இல்லை. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆமாம், அளவீட்டில் எப்படிப் பிழை நுழையும் என்பதற்கு இது ஒரு செயல்விளக்கம் என்றார். அவர் புதுச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது.

“இதைக் கண்டுபிடித்தது யார்?” என்று ஒகாடா கேட்டார்.

நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் கொஞ்சமும் தயங்கவில்லை. “இவங்கதான் சார். எப்பவும் இருட்டுலதான் தொடங்குவாங்க. அன்னைக்கு வேணாம்னு தடுத்தது நானு.”

பிறகு ஒகாடா என்னிடம்தான் பேசினார். எப்படிச் சந்தேகம் வந்தது, எப்படிச் சோதித்தேன், ஈரத்தைத் தவிர வேறு காரணம் இருக்கலாம் என்று யோசித்தேனா. உப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். ஊதியதையும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். அவ்வளவு நேரமும் அண்ணன் கம்பிகளைக் கழற்றி ஒவ்வொன்றாகச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

ஒகாடா போன பிறகு சார் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “அந்தச் சந்தனத்தை யார் வெச்சது?”

“பூஜைக்கு வெச்சது சார்,” என்றார் அண்ணன்.

சார் என் பக்கம் திரும்பினார். நான் வியாழக்கிழமையே அதைத் துடைத்துவிட்டேன் என்று சொல்லவில்லை. அவர் தன் கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மடிப்பில் இன்னும் கொஞ்சம் கிழிந்தது.

*

தீபாவளிக்கு முந்தின வாரம் கழகத்துக்குத் தொலைபேசி வந்தது. ஷா ஆலாமிலிருந்து. அவர்களுக்கு என்னை வேண்டுமாம். சார் அதை என்னிடம் சொல்லும்போது மகிழ்ச்சியாகத்தான் சொன்னார், ஆனால் அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஏர்கோன் கடைக்குப் போனேன். நான் அங்கே அதற்கு முன்பு போனதில்லை. அண்ணன் கடை வாசலில் ஒரு பெரிய இயந்திரத்தைப் பிரித்துப் போட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார். கை முழங்கை வரை கறுப்பு.

“என்ன தங்கச்சி இந்தப் பக்கம்? வீட்டுல ஏர்கோன் வாங்கியாச்சா?”

“கூப்பிட்டாங்கண்ணே.”

அவர் ஸ்பானரைத் திருப்பிக்கொண்டே இருந்தார். “உன்னையா?”

“ம்.”

“எப்ப சேரணும்?”

“நான் இன்னும் சரின்னு சொல்லல.”

ஸ்பானர் நின்றது. “ஏன்?”

“உங்க பேரத்தானே நான் குடுக்கச் சொன்னேன்.”

“அதுக்கு?” அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இருந்தது. என்மேல்தானா என்று தெரியவில்லை. “நீ போகலன்னா அங்க நாகையா போவான். இல்லன்னா எவனோ ஒருத்தன் போவான். நான் போகமாட்டேன். இது ஒனக்குக் கணக்குல வருதா இல்லையா?”

“வருது.”

“அப்புறம் என்ன லா?”

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது. சனிக்கிழமை காலை அந்த மஞ்சளை எதற்காக வைத்தார் என்பது. எல்லோருக்கும் எடுத்துக் காட்டுவதற்கா, அல்லது என் கையில் துணியைப் பார்க்கும்வரை வேறு எதற்கோவா. பஸ்ஸில் வரும்போது அதை எப்படிக் கேட்பது என்று பல விதமாக யோசித்துவைத்திருந்தேன். வாயெடுத்தேன்.

“கேக்காத,” என்றார்.

நான் நிறுத்திக்கொண்டேன்.

“நான் என்ன சொன்னாலும் நீ நம்பமாட்டே. வீட்டுக்குப் போய் அதையே திருப்பித் திருப்பி அளந்துக்கிட்டு இருப்பே. எனக்கு ஒன்னைத் தெரியாதா?” எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கடைக்குள் போனார். உள்ளே முதலாளி சீன மொழியில் யாருடனோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். “பாஸ், ஒரு போன் பேசிக்கிறோம்,” என்று அவரிடம் மலாயில் சொல்லிவிட்டு, கம்பியை இழுத்துத் தொலைபேசியை வாசல் மேசைக்குக் கொண்டுவந்தார். ரிசீவரில் அவர் விரல்களின் கறுப்பு ஒட்டியது. “நம்பர் இருக்கா? இங்கேருந்தே பேசு. நீ கிளம்பிப் போனா நாளைக்கு யோசிப்பே, நாளன்னைக்கு யோசிப்பே.”

எண்ணைச் சுழற்றினேன். யாரோ ஒரு பெண் எடுத்தாள், காத்திருக்கச் சொன்னாள். அண்ணன் மறுபடி தரையில் உட்கார்ந்து ஸ்பானரைக் கையில் எடுத்தார். சாலையில் ஒரு லோரி போனது. அந்தப் பக்கம் வேறொரு குரல் வந்து, தீபாவளி முடிந்ததும் வேலையில் சேர முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டது.

முடியும் என்றேன்.

கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றது குரல்.

“சத்தமா சொல்லு லா,” என்றார் அண்ணன், நிமிராமலே.

சொன்னேன்.